மலைக்கு எடுத்துப்போகப் பல எரிபொருள் அடுப்பு: முதல்முறை வாங்குபவருக்கு

இமயமலையில் லடாக், ஸ்பிதி, கட்வால் பக்கம் போய்ச் சொந்தமாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டே மலையேற வேண்டும் என்று நினைப்பவர், தமிழ்நாட்டில் இருந்துகொண்டு அதற்கேற்ற அடுப்பை வாங்குவது லேசான காரியமில்லை. படிக்கக் கிடைக்கும் விமர்சனங்கள் பெரும்பாலும் அமெரிக்காவையோ ஐரோப்பாவையோ மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவர்கள் பரிந்துரைக்கும் எரிபொருள் நம் கடைகளில் இல்லை. நம் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலைப் பற்றி அவர்கள் எழுதுவதில்லை. எதை ரயிலில் ஏற்றலாம், எதை விமானத்தில் விடுவார்கள், அந்த உயரத்தில் அரிசி வேகுமா என்பதையெல்லாம் பலரிடம் கேட்டு, பல நாள் அலைந்துதான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். டிரெக்கிங் நிறுவனத்தோடு போகிறீர்கள் என்றால் அவர்களே சமையல்காரரையும் அடுப்பையும் கொண்டுவருவார்கள். உங்களுக்கு இது தேவையில்லை. கோடையில் மூவாயிரம் மீட்டருக்குக் கீழே ஓரிரு இரவு தங்கப் போகிறவர்களுக்குச் சின்ன கேஸ் அடுப்பு போதும். குளிர்ந்த இடம், நீண்ட பயணம், வழியில் கேஸ் டப்பா கிடைக்குமா என்ற சந்தேகம், இவை சேரும்போதுதான் பல எரிபொருள் அடுப்புக்கு, அதாவது பெட்ரோல், மண்ணெண்ணெய் என்று கிடைப்பதை எரிக்கும் அடுப்புக்கு, செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

இதன் தத்துவம் நம் வீடுகளில் இருந்த மண்ணெண்ணெய் பம்பு ஸ்டவ்வினுடையதுதான். பாட்டிலில் எண்ணெய் இருக்கும். பம்பு அடித்தால் அழுத்தம் ஏறும். எண்ணெய் குழாய் வழியாகச் சூடான பர்னருக்கு வந்து ஆவியாகி, நிப்பிளின் சின்னத் துளை வழியே சீறி எரியும். பம்பு ஸ்டவ்வோடு பழகியவர் வீட்டில் யாராவது இருந்தால் பாதி பாடம் அங்கேயே கிடைத்துவிடும்.

1. எரிபொருளை முதலில் முடிவு செய்யுங்கள்

எந்த மாடல் நல்லது என்று கேட்பதற்கு முன், நீங்கள் நடக்கத் தொடங்கும் ஊரில் என்ன எரிபொருள் கிடைக்கும் என்று கேளுங்கள். ஊரிலிருந்து எரிபொருளை எடுத்துக்கொண்டு போக உங்களால் முடியாது. ரயிலிலும் முடியாது, விமானத்திலும் முடியாது. போன இடத்தில் வாங்குவதை எரிக்கும் அடுப்புதான் உங்களுக்கு உதவும்.

பெட்ரோல். சாலை போகும் இடமெல்லாம் நம்பிக் கணக்குப் போடக்கூடியது இது ஒன்றுதான். மணாலி, காஜா, லே எல்லாவற்றிலும் பங்க் உண்டு. ஆனால் நடுவில் பெரிய இடைவெளிகளும் உண்டு. மணாலியிலிருந்து லே போகும் வழியில் தாண்டி என்ற ஊரில் இருக்கும் பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று பலகையே வைத்திருந்தார்கள். அந்தச் சாலையில் சைக்கிளில் போகிறவர்கள் தாண்டியில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு கிளம்புவதுதான் புத்திசாலித்தனம்.

இப்போது பங்குகளில் விற்பது பெரும்பாலும் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட வெப்பம் குறைவு என்பதால் எண்ணெய் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். அது காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். அதனால் பாட்டிலில் மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். பம்பில் இருக்கும் ரப்பர் வளையங்களையும் அடிக்கடி பாருங்கள். வண்டி பெட்ரோலில் சேர்க்கப்படும் மற்ற பொருட்களால் நிப்பிளும் குழாயும் சீக்கிரம் அடைக்கும். பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்திருப்பது அவசியம்.

மண்ணெண்ணெய். வெப்பம் நன்றாகத் தரும். பெட்ரோல்போலப் பட்டென்று பற்றிக்கொள்ளாது என்பதால் பாதுகாப்பும் அதிகம். ஆனால் பற்றவைக்க நேரம் எடுக்கும், புகை வரும், கையில் பட்டால் நாற்றம் லேசில் போகாது. இன்றைய சிக்கல் அது கிடைப்பதே குறைந்துவிட்டது என்பதுதான். ரேஷனில் வரும் எண்ணெய் நீலச்சாயம் கலந்தது. அது குடும்ப அட்டைக்காரருக்கு உரியது. மலைக்கிராமத்தில் யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

டீசல். மற்றது எதுவும் கிடைக்காதபோது மட்டும். கரி அதிகம், நாற்றமும் அதிகம், குளிரில் கெட்டியாகும். லடாக்கின் குளிர்காலத்துக்கென்றே தனி டீசலை 2019-இல் அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அதன் குணம் தெரியும்.

கேஸ் டப்பா. சுத்தம், சுலபம், புகையில்லை. நீளமான டப்பாக்களில் இருப்பது பெரும்பாலும் சாதாரண பியூட்டேன். அது சுழியம் டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். திருகு வாய் உள்ள குட்டையான டப்பாக்களில் ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்திருக்கும். ஐசோபியூட்டேன் ஏறக்குறைய மைனஸ் 12 வரையும், புரோப்பேன் மைனஸ் 42 வரையும் ஆவியாகும். ஆகவே குளிருக்குத் திருகு டப்பாதான். மணாலி, லே போன்ற பெரிய ஊர்களில் டிரெக்கிங் கடைகளில் கிடைக்கும். சீசன் உச்சத்தில் தீர்ந்துபோவதும் உண்டு.

வெளிநாட்டு விமர்சனங்களில் வரும் ஒயிட் கேஸ் அல்லது கோல்மன் ஃப்யூயலை (அடுப்புக்கென்றே சுத்திகரித்த பெட்ரோல் போன்ற திரவம்) நம் ஊர்க் கடைகளில் எதிர்பார்க்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் இத்தனை நிமிடத்தில் கொதித்தது என்று அவர்கள் தரும் கணக்கு பெரும்பாலும் அந்த எண்ணெயை வைத்துப் போட்டது.

ஆகவே இந்திய மலைகளுக்கு என் முடிவு இதுதான்: பெட்ரோலை நன்றாக எரிக்க வேண்டும், முடிந்தால் கேஸ் டப்பாவையும் ஏற்க வேண்டும். மண்ணெண்ணெயும் டீசலும் எரித்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

2. எப்படிப் போய்ச் சேரப் போகிறீர்கள்?

ரயிலில் போகிறவர்களுக்கு: கேஸ், பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் ஒரு சொட்டுகூடக் கூடாது. ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது. சட்டத்தை விடுங்கள், 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்து 9 பேர் இறந்தார்கள். உள்ளே கேஸ் சிலிண்டர் வைத்துச் சமைத்ததுதான் காரணம். டப்பா சின்னதுதானே என்று யாரும் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். கூட வரும் நண்பர் அப்படிச் செய்தால் தடுத்து நிறுத்துங்கள். காலியான, கழுவிக் காயவைத்த அடுப்பையும் பாட்டிலையும் எடுத்துப் போகலாமா என்பதையும் ரயில்வேயிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

விமானத்தில் போகிறவர்களுக்கு: கேஸ் டப்பா எந்தப் பையிலும் கூடாது. அடுப்பும் பாட்டிலும் போகலாம். ஆனால் அவை ஒருமுறை பயன்படுத்தியவை என்றால் நிபந்தனைகள் நிறைய. அதை ஏழாவது படியில் விரிவாகச் சொல்கிறேன்.

பைக்கில் போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். வண்டியின் டாங்கியில் இருப்பதே அடுப்புக்கும் எரிபொருள். பைக்கை ரயிலில் பார்சல் போட்டு அனுப்பினால் டாங்கியைக் காலி செய்துதான் ஏற்றுவார்கள். அடுப்பு பாட்டிலையும் அப்போதே காலி செய்துவிடுங்கள்.

3. என்ன சமைக்கப் போகிறீர்கள்?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்டுக்கொள்வதே இல்லை. வெளிநாட்டுப் பயணி பெரும்பாலும் தண்ணீரைக் கொதிக்கவைத்து உலர் உணவுப் பொட்டலத்தில் ஊற்றிச் சாப்பிட்டுவிடுவார். அவருக்கு வேகமான தீ போதும். நமக்குச் சோறும் பருப்பும் வேண்டும். உப்புமா அடிப்பிடிக்கக் கூடாது. காலையில் டீ பொங்கி வழியக் கூடாது. அதற்குச் சின்னத் தீ வேண்டும். சின்னத் தீ வைக்க முடியாத அடுப்பை வாங்கிவிட்டால் பயணம் முழுக்கக் கருகல்தான்.

உயரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். லேயின் உயரமான 3,500 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். 4,500 மீட்டரில் 85 டிகிரி. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், அரிசி வேகாது. துவரம்பருப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒன்றரை லிட்டர் குக்கர் ஒன்று கையில் இருந்தால், லே உயரத்திலும் உள்ளே வெப்பம் 110 டிகிரிக்கு மேல் போகும். அதன் எடை ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதால் தோளில் சுமப்பவர் யோசிப்பார். ஆனால் இருவருக்கு மேல் போகிறீர்கள், ஒரு வாரத்துக்கு மேல் தங்குகிறீர்கள் என்றால், மிச்சமாகும் எரிபொருளின் எடை குக்கரின் எடையில் பெரும்பகுதியைச் சரிக்கட்டிவிடும். தனியாகப் போகிறவர் அவல், ரவை, சேமியா, சத்துமாவு என்று மாறிக்கொள்வது மேல்.

குக்கர் வைப்பதாக இருந்தால் அடுப்பின் கால்கள் அகலமாகவும் தாழ்வாகவும் இருக்க வேண்டும். கேஸ் டப்பாவின் தலையில் நேராகத் திருகும் அடுப்பில் குக்கர் வைக்கவே வைக்காதீர்கள். கவிழும்.

4. மாடல்கள்: எது யாருக்கு?

எம்.எஸ்.ஆர். விஸ்பர்லைட் இன்டர்நேஷனல். பெட்ரோல், மண்ணெண்ணெய், ஒயிட் கேஸ் எரிக்கும். எடை குறைவு, பாகங்கள் குறைவு, பழுது பார்ப்பது எளிது. யூஜி, யூகே என்று இரண்டு நிப்பிள் வரும். பெட்ரோலுக்கு யூஜி, மண்ணெண்ணெய்க்கு யூகே. குறை, சின்னத் தீ சரியாக நிற்காது. தண்ணீர், சூப், சேமியா போதும் என்பவருக்கு இது போதும். இதே குடும்பத்தின் யூனிவர்சல் மாடல் கேஸ் டப்பாவையும் ஏற்கும்.

எம்.எஸ்.ஆர். டிராகன்ஃபிளை. இரண்டு வால்வு இருப்பதால் தீயை நன்றாகக் குறைக்கலாம். கால்கள் அகலம். டீசலும் எரிக்கும். சத்தம் மட்டும் காதைப் பிளக்கும். கேஸ் டப்பா ஏற்காது. நம் சமையலுக்கு, குறிப்பாகக் குக்கருக்கு, நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எம்.எஸ்.ஆர். எக்ஸ்.ஜி.கே. எண்ணெய் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் எரித்துவிடும் முரட்டு அடுப்பு. பனியை உருக்கித் தண்ணீராக்கும் மலையேறிகளுக்கு உரியது. சின்னத் தீ என்ற பேச்சுக்கே இடமில்லை. சோறு சமைக்கிறவர்கள் தவிர்க்கலாம்.

பிரைமஸ் ஆம்னிஃப்யூயல். கேஸ், பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம். பர்னருக்குப் பக்கத்திலேயே தீயைக் கட்டுப்படுத்தும் திருகு இருப்பதால் சின்னத் தீ அருமையாக நிற்கும். பம்பு அலுமினியம். எரிபொருளுக்கு ஏற்ப நிப்பிள் மாற்ற வேண்டும்: கேஸுக்கு 0.45, பெட்ரோலுக்கு 0.37, மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் 0.28. மாற்றாமல் பற்றவைத்தால் புகை கக்கும் அல்லது எரியாது. விலை அதிகம். பணம் தடையில்லை என்றால் இதை வாங்கிவிட்டு வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

ஆப்டிமஸ் போலாரிஸ். எல்லா எரிபொருளுக்கும் ஒரே நிப்பிள் என்பது இதன் வசதி. குளிரில் விறைத்த விரலோடு நிப்பிள் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

சோட்டோ ஸ்டார்ம்பிரேக்கர். பெட்ரோலும் கேஸும் மட்டும். மற்றவற்றைப்போல முதலில் பர்னரைத் தனியாகச் சூடேற்றும் வேலை இல்லை என்பதால் பழகாதவர்களுக்கு எளிது. மண்ணெண்ணெய் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டவர்கள் இதைப் பார்க்கலாம்.

பி.ஆர்.எஸ்.-8. சீனத் தயாரிப்பு. மற்றவற்றின் விலையில் ஒரு சிறு பங்குதான். எடை கூடுதல். வண்டியில் போகிறவருக்கும், பழகிப் பார்க்க நினைப்பவருக்கும் மோசமில்லை. உதிரிப்பாகம் பின்னால் கிடைக்குமா என்பதை வாங்கும் முன்பே விற்பவரிடம் கேளுங்கள்.

மாடலைவிட ஒன்று முக்கியம். பம்பும் பாட்டிலும் ஒரே நிறுவனத்தினுடையதாக இருக்கட்டும். திருகு பொருந்துகிறது என்பதற்காக வேறு பாட்டிலை மாட்டாதீர்கள். அழுத்தத்தில் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் பாட்டிலை எரிபொருளுக்குப் பயன்படுத்துவது அதைவிட ஆபத்து.

5. செலவும் வாங்கும் இடமும்

அடுப்போடு பாட்டில் வராது என்பது பலருக்கும் தெரிவதில்லை. பெட்டியில் பொதுவாக பர்னர், பம்பு, காற்றுத் தடுப்புத் தகடு, சில நிப்பிள்கள் இருக்கும். பாட்டிலைத் தனியாக வாங்க வேண்டும். எம்.எஸ்.ஆர். பாட்டில்கள் 325, 591, 887 மில்லி என மூன்று அளவில் வருகின்றன. இருவருக்கு நடுவில் உள்ளதும் பெரியதும் ஏற்றவை. கழுத்துவரை நிரப்பக் கூடாது. கோடு போட்டிருக்கும், அதுவரைதான்.

நல்ல நிறுவன அடுப்பு, பாட்டில், உதிரிப்பாகப் பை மூன்றும் சேர்த்து ஏறக்குறைய 15,000 முதல் 30,000 ரூபாய் வரை ஒதுக்குங்கள். உதிரிப்பாகப் பையை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். ரப்பர் வளையங்கள், பம்பின் வாஷர், நிப்பிள், துளை குத்தும் ஊசி இவைதான் அதில் இருக்கும். அரை ரூபாய் வளையம் ஒன்று கிழிந்தால் இருபதாயிரம் ரூபாய் அடுப்பு வெறும் இரும்பு.

வாங்க மூன்று வழிகள். இந்தியாவில் விற்பவரிடம் வாங்கினால் விலை கூடும், ஆனால் ரசீதும் மாற்றித்தரும் வாய்ப்பும் இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வரும்போது கொண்டுவரச் சொன்னால் மலிவு. அடுப்பு புதியதாக, பெட்டி பிரிக்காமல், ரசீதோடு இருக்கட்டும். அவர் அதை ஒருமுறைகூட ஏற்றிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள், காரணம் ஏழாவது படியில் வருகிறது. மூன்றாவது வழி கூரியரில் வரவழைப்பது. சுங்க வரி, ஜி.எஸ்.டி., கூரியர்காரரின் கையாளும் கட்டணம் எல்லாம் சேர்ந்து விலையைக் கணிசமாக ஏற்றிவிடும். சுங்கத்தில் அடையாளச் சான்றும் பணம் கட்டிய ரசீதும் கேட்பார்கள். பொருள் நின்றுபோனால் வாரக்கணக்கில் இழுக்கும். எந்த வழியானாலும் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

முதல் பயணத்துக்கு மட்டும் வேண்டும் என்றால் வாடகையும் ஒரு வழி. லே, மணாலி போன்ற ஊர்களில் டிரெக்கிங் சாமான்களை வாடகைக்குத் தரும் கடைகள் உண்டு. எடுக்கும்போது கடை வாசலிலேயே ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

6. வீட்டில் பழகுங்கள், மொட்டை மாடியில்

பயணத்துக்கு மூன்று வாரம் முன்பாவது இதைச் செய்துவிட வேண்டும். சமையலறையில் வேண்டாம், திறந்த மாடியில், பக்கத்தில் துணியோ செடியோ இல்லாத இடத்தில். ஈரச் சாக்கு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பாட்டிலைக் கோடுவரை நிரப்பி, பம்பை இறுக்கி, இருபது முறைபோல அடியுங்கள். எங்கும் கசிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நாற்றம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அப்புறம் வால்வை லேசாகத் திறந்து ஒரு தேக்கரண்டி எண்ணெய் மட்டும் பர்னரின் கிண்ணத்தில் இறங்கவிட்டு மூடிவிடுங்கள். பற்றவையுங்கள். மஞ்சள் தீ உயரமாக எழும்; அது இயல்பு. அது தணிந்து அணையப்போகும் நேரத்தில் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தால் நீலத் தீ பிடித்துக்கொள்ளும். இதைத்தான் சூடேற்றுவது என்பார்கள். அவசரப்பட்டு முன்னதாகத் திறந்தால் எண்ணெய் ஆவியாகாமல் திரவமாகவே வந்து தீப்பந்தம் எழும். புதியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மண்ணெண்ணெய்க்குச் சூடேற்ற மருந்துக்கடை ஸ்பிரிட் நல்லது, கரி பிடிக்காது.

அணைக்கும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பிரைமஸ், ஆப்டிமஸ் வகையில் பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பினால் காற்று மட்டும் வந்து குழாய் தானாகக் காலியாகும். எம்.எஸ்.ஆரில் வால்வை மூடிவிட்டுக் குழாயில் இருப்பது எரிந்து தீரும்வரை காத்திருக்க வேண்டும்.

மாடியில் ஒரு நாள் வெறும் தண்ணீர் வையுங்கள், இன்னொரு நாள் நீங்கள் அங்கே சமைக்கப்போவதையே சமையுங்கள். முன்னும் பின்னும் பாட்டிலை எடை போட்டால் ஒரு வேளைக்கு எவ்வளவு எண்ணெய் போகிறது என்று தெரிந்துவிடும். இந்தக் கணக்கு உங்களுடையதாக இருக்க வேண்டும். என்னுடையதோ விற்பவருடையதோ உதவாது. நிப்பிளைக் கழற்றி ஊசி குத்தி மறுபடி மாட்டுவதையும், பம்பு வாஷருக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுவதையும் பழகிக்கொள்ளுங்கள்.

7. விமானத்தில் கொண்டுபோகக் காகிதங்களும் தயாரிப்பும்

புத்தம் புதிய, எண்ணெய் படாத அடுப்புக்கு ரசீது இருந்தால் பெரும்பாலும் சிக்கல் வராது. ஒருமுறை எண்ணெய் ஊற்றியது என்றால், சர்வதேச விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டாவின் ஆபத்தான பொருள் விதிகள் அதற்குப் பொருந்தும். சாரம் இது: விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், செக்-இன் பையில் மட்டும் வைக்க வேண்டும், எண்ணெயை வடித்துக் குறைந்தது ஒரு மணி நேரம் கவிழ்த்து வைத்து, அப்புறம் மூடியில்லாமல் குறைந்தது ஆறு மணி நேரம் திறந்து வைக்க வேண்டும், பிறகு மூடி, ஈரம் உறிஞ்சும் காகிதத்தில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டுக் கட்ட வேண்டும்.

இது குறைந்தபட்ச விதி. நடைமுறையில் ஆறு மணி நேரம் போதாது. இரண்டு நாள் முன்பே காலி செய்து, சோப்புத் தண்ணீரில் பலமுறை அலசி, வெயிலில் காயவைத்து, மூக்கருகே வைத்துப் பார்த்தால் நாற்றமே இல்லை என்ற நிலைக்குக் கொண்டுவாருங்கள். பம்பையும் குழாயையும் மறக்காதீர்கள். நாற்றம் தங்குவது அங்கேதான்.

விமான நிறுவனத்துக்கு ஒரு வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்பி, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சரி என்று சொன்னதற்கு விமான நிலையத்தில் மதிப்பில்லை. கையில் இருக்க வேண்டியவை: ஒப்புதல் மின்னஞ்சல், அடுப்பின் ரசீது, கையேட்டின் முதல் பக்கம். இவ்வளவு இருந்தும் ஒருமுறை பாதுகாப்புச் சோதனையில் வாசனை வருகிறது என்று சொல்லி என் பாட்டிலை நிறுத்திவிட்டார்கள்; முடிவு அந்த இடத்தில் நிற்கும் அதிகாரியுடையது. அதன்பிறகு நான் கடைப்பிடிக்கும் வழி: விமானத்துக்கென்று எண்ணெய் படாத பாட்டில் ஒன்று தனியாக. பழைய பாட்டில் சாலை வழியாக மட்டும் போகும். ஒரு பாட்டில் இரண்டாயிரம், மூன்றாயிரம் ரூபாய். பயணமே பாழாவதற்கு அது பரவாயில்லை. நேரமும் கொடுங்கள், வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள்.

தீப்பெட்டியும் லைட்டரும் போன இடத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

8. எங்கே ஏற்றலாம், எங்கே கூடாது

தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் அடுப்பு ஏற்றாதீர்கள், எந்தக் காரணத்துக்காகவும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகளும் வந்தன. காட்டில் தீ மூட்டுவது வனச் சட்டப்படியே குற்றம். அடுப்புதானே, விறகா எரிக்கிறோம் என்ற வாதம் எடுபடாது. தனியார் தோட்டத்தில், உரிமையாளர் அனுமதியோடு, வெட்டவெளியில் சமைக்கலாம்.

உத்தரகண்டில் புக்யால் எனப்படும் மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதற்கு 2018-இல் உயர்நீதிமன்றம் தடை விதித்தது. அங்கேயே இருக்கும் பூக்களின் பள்ளத்தாக்குக்குள் தங்கவே முடியாது. பக்கத்துக் கிராமமான காங்காரியாவில் தங்கித்தான் போய்வர வேண்டும். தேசியப் பூங்கா எதுவானாலும், நுழைவு அனுமதி வாங்கும்போதே அடுப்பு ஏற்றலாமா என்று வன அலுவலகத்தில் கேட்டு, அனுமதிச் சீட்டிலேயே எழுதித்தரச் சொல்லுங்கள். வழியில் நிறுத்தினால் காட்ட அது உதவும்.

9. எண்ணெய் வாங்குவதும் அளவும்

பனி உருக்கத் தேவையில்லை என்றால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 முதல் 120 மில்லி பெட்ரோல் என்று தொடங்குங்கள். பனியை உருக்கித்தான் குடிக்க வேண்டும் என்றால் இரண்டு பங்கு. இருவர், பத்து நாள் என்றால் இரண்டரை லிட்டர் வரை. லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி இருப்பதால் இருநூற்றைம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். இதே பத்து நாளைக்குக் கேஸ் டப்பா வாங்கினால் செலவு பல மடங்கு. அடுப்புக்குக் கொடுத்த பணம் திரும்புவது இங்கேதான்.

பிளாஸ்டிக் பாட்டிலில் கேட்டால் பல பங்குகளில் தர மாட்டார்கள். உலோகப் பாட்டிலைக் காட்டுங்கள். 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். இறுக மூடிய உலோகக் கலமாக இருந்தால் அது 25 லிட்டருக்கு மிகாமல் இருந்தால் போதும். இதை ஊழியரிடம் தன்மையாகச் சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். கூட்டமில்லாத காலை நேரத்தில் போங்கள். சின்னப் புனலும் வடிகட்டத் துணியும் வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் போகும் ஒரு மண் துகள் மாலையில் அடுப்பை நிறுத்திவிடும்.

மலையில் இருக்கும்போது மூன்று விஷயங்களில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். டென்டுக்குள் எவ்வளவு குளிரடித்தாலும் ஏற்றாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். சூடாக இருக்கும் அடுப்பில் பாட்டிலைத் திறந்து எண்ணெய் நிரப்பாதீர்கள். கடுங்குளிரில் பெட்ரோல் கையில் படவிடாதீர்கள். சுழியத்துக்குக் கீழேயும் அது திரவமாகவே இருப்பதால், பட்ட இடம் நொடியில் உறைந்து புண்ணாகும். ரப்பர் கையுறை ஒன்று போதும்.

கேஸ் டப்பா பொருத்தியிருக்கும்போது காற்றுத் தடுப்புத் தகட்டால் டப்பாவையும் சேர்த்து மூடிவிடாதீர்கள். பாட்டில் தள்ளி இருக்கும் திரவ எரிபொருள் அடுப்பில் பர்னரைச் சுற்றி மட்டும் தகட்டை வையுங்கள். எண்ணெய் நன்றாக மிச்சமாகும். உயரம் போகப் போகக் காற்று குறைவதால் தீ மஞ்சளாகும். வால்வைக் கொஞ்சம் குறைத்தால் நீலத்துக்குத் திரும்பும்.

10. திரும்பும்போது

கடைசி நாளுக்கு எண்ணெய் மிஞ்சாதபடி சமையலைத் திட்டமிடுங்கள். மிஞ்சினால் ஓடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். சாலைக்கு வந்ததும் யாருடைய பைக் டாங்கியிலாவது ஊற்றிவிடலாம், மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார்கள். மண்ணெண்ணெய் அல்லது டீசலோடு கலந்திருந்தால் அதை டாங்கியில் ஊற்றச் சொல்லாதீர்கள். காலியான கேஸ் டப்பாக்களைக் கீழே கொண்டுவந்து, வாங்கிய கடையிலேயே கேளுங்கள். சிலர் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

திரும்பும் விமானத்துக்கும் ஏழாவது படியில் சொன்னது எல்லாம் பொருந்தும்; ஆனால் மலையிலிருந்து இறங்கிய மறுநாளே விமானம் என்றால் காயவைக்க நேரம் இருக்காது. டிக்கெட் போடும்போதே லேயிலோ டெல்லியிலோ ஒரு நாள் இடைவெளி விட்டுவிடுங்கள். அதுவும் முடியாவிட்டால் கழுவிக் காயவைத்த அடுப்பையும் பாட்டிலையும் சாலை வழி பார்சலில் அனுப்பலாம். உள்ளே எண்ணெய் இல்லை என்று எழுதிக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். சென்னைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வந்ததும் பிரித்து, நிப்பிளைச் சுத்தம் செய்து, பம்பு வாஷருக்கு எண்ணெய் விட்டு, பாட்டிலின் மூடியைத் தளர்த்தி வையுங்கள். வெடிப்பு விட்ட ரப்பர் வளையத்தை அப்போதே மாற்றிவிட்டு, உதிரிப்பாகப் பையில் குறைந்ததை எழுதிவைத்து ஆர்டர் போட்டுவிடுங்கள். அடுத்த பயணம் முடிவான பிறகு போட்டால் நேரத்துக்கு வராது.